வட்டமடிக்கும் சொந்தம்

இப்போதெல்லாம் எவனிடமும் "நீ யார் மகன்?" என்று கேட்க முடிவதில்லை. கேட்டால் ஒரு எண்ணைச் சொல்கிறான். எண்ணுக்கு அப்பன் யார், எந்தத் தெரு, யார் வீட்டில் பெண் எடுத்தவன் என்று அடுத்ததைக் கேட்டால், நடுச்சந்தியில் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முக்காண்டிக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மனுஷன் என்றால் நாலு பேருக்கு ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும், தனியாக நிற்பதற்கு அவன் என்ன எல்லைக்கல்லா என்பது அவர் கட்சி. செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கட்சியிலிருந்து அவர் இறங்கவில்லை.

அன்றைக்கு நாலாம் கூட்டின் பெரிய கதவுக்கு முன்னால் நின்று அவர் முழங்கிக்கொண்டிருந்ததும் இதைத்தான். சுற்றி நின்றவர்கள் விரும்பி நின்று கேட்கவில்லை. கதவு திறக்கவில்லை, அதனால் நின்றார்கள்.

கூடு என்பது கண்ணாடியிலும் இரும்பிலும் செய்து கவிழ்த்து வைத்த பெரிய சட்டி. உள்ளே காற்று, தெரு, வீடு, டீக்கடை எல்லாம் உண்டு. வெளியே செம்மண்ணும் சாவும்தான். ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு வண்டி ஓடும். வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணாடி அறை ஒன்றில் காத்திருக்க, இவர்கள் யார், எந்த வீடு, அந்த வீட்டில் இவர்களுக்குக் காற்றுப் பங்கு இருக்கிறதா என்று கதவே பார்த்துவிட்டு உள்ளே விடும். இமை கொட்டுவதற்குள் முடிகிற வேலை.

அன்று காலையிலேயே பார்க்க ஆரம்பித்த கதவு இன்னும் பார்த்து முடிக்கவில்லை. அதன் நெற்றியில் "சரிபார்க்கப்படுகிறது" என்ற எழுத்து மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், துணிமூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் முக்காண்டியின் மனைவி ஆவுடைத்தாய். ஏழாம் கூட்டில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பேச்சு மட்டும் ஒலிபெருக்கி வழியாக இந்தப் பக்கம் வந்தது.

"ஏளா, வரும்போது அங்க எதையும் தொட்டியா?"

"தொடல மாமா. பேரச் சொன்னேன்."

"பேர எதுக்குச் சொன்ன?"

"கேட்டுச்சு."

"கேட்டா உடனே சொல்லிருதா?"

சுரங்க வேலைக்குப் போக வேண்டிய தவசி, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பெருசு, அத்தைய உள்ள விடாட்டிப் போவுது. எங்கள வெளிய விடச் சொல்லும். மேஸ்திரி கொன்னுருவான்."

"நானாடா பூட்டி வச்சிருக்கேன்?"

"ஆமா தாத்தா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு வகையில நீங்கதான்."

கையில் கணினிப் பலகையும் கலைந்த தலையுமாக வந்து நின்றவள் ஜெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், கூட்டின் கணினிகளைக் கட்டி மேய்க்கும் பொறியாளர். காலையிலிருந்து நாலு பேரிடம் ஏச்சு வாங்கியவள் போல் முகம் வெளிறியிருந்தது.

"நான் என்ன செய்தேன் தாயி?"

"நீங்க செய்யல. உங்க சொந்தம் செய்யுது. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஆளுங்க விவரமெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. அது கட்டம் கட்டமா இருக்கும். பேர் ஒரு இடத்துல, வீடு ஒரு இடத்துல, யாருக்கு யாரு என்ன உறவுங்கறது வேற ஒரு இடத்துல. ஆனா கதவுக்குக் கட்டம் புரியாது. அதுக்கு முழுசா ஒரு ஆள் வந்து நிக்கணும். அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, இணைப்பின்னு பேரு. கட்டத்துல சிதறிக் கிடக்கறதப் பொறுக்கி, ஒரு ஆளாக் கட்டி, கதவு முன்னாடி நிப்பாட்டும்."

"தரகன்னு சொல்லு."

ஜெனிட்டா கொஞ்சம் யோசித்தாள். "அப்படியும் வச்சுக்கலாம்."

"நான் மாட்டுத் தரகு பாத்தவன் தாயி. துண்டுக்கு அடியில விரலப் பிடிச்சு வெல பேசுன கை இது. விக்கிறவனுக்கு ஒரு வெல, வாங்குறவனுக்கு ஒரு வெல. தரகன் நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் இருட்டுத்தான். உன் ஆளு என்னத்த ஒளிக்கான்னு பாரு."

"இது எதையும் ஒளிக்கல தாத்தா. அதுதான் வினை. போன வாரம் வரைக்கும் பழைய இணைப்பி இருந்துச்சு. கேட்ட ஆளை மட்டும் கூட்டிட்டு வரும். இந்தப் புதுசு ஒரு ஆளைக் கூப்பிட்டா, ஒட்டினவங்க எல்லாரையும் விடாமச் சேத்துக் கூட்டிட்டு வருது."

"மறுவீட்டுக்கு வேன் பிடிச்ச மாதிரி," என்றான் தவசி.

"அதேதான். இப்ப ஆவுடைப் பாட்டியக் கூப்பிடுது. ஆவுடை யாரு? முக்காண்டி பொண்டாட்டி. சரி, முக்காண்டியக் கூட்டிட்டு வா. முக்காண்டி யாரு? பிச்சம்மாள் தம்பி. பிச்சம்மாளைக் கூட்டிட்டு வா. பிச்சம்மாள் யாரு? ஆவுடையோட அம்மா. அப்போ ஆவுடையக் கூட்டிட்டு வா. ஆவுடை யாரு? முக்காண்டி..."

"நிறுத்து தாயி. தல சுத்துது."

"அதுக்கும் சுத்துது தாத்தா. காலையிலேருந்து."

முக்காண்டி கண்ணாடியைப் பார்த்தார். ஆவுடை மூட்டையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மகளக் கட்டுனேன். அதுல என்ன குத்தம்? எங்க ஊர்ல தெருவுக்குப் பத்து வீடு அப்படித்தான்."

"குத்தமில்ல தாத்தா. இதை எழுதினவங்க ஊர்ல அந்த வழக்கம் கிடையாது. சொந்தம்னா மரம் மாதிரி, கிளை விட்டு விட்டுப் போகும், திரும்பி வந்து அடிமரத்துலயே முட்டாதுன்னு நினைச்சு எழுதிட்டாங்க."

"இங்கயும் அக்கா மகளக் கட்டுனவன் எத்தன பேரு இருக்கான். நம்ம பாக்கியநாதன் இல்லையா? அவனுக்கு மட்டும் கதவு தொறக்குது."

ஜெனிட்டா பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். "அவர் பதியும்போது பொண்டாட்டின்னு மட்டும் சொல்லியிருக்கார். மாமியாரு யாருன்னு மூச்சு விடல. எல்லாரும் ஒரு முறையத்தான் சொன்னாங்க. இந்தக் கூட்டுலயே முறை அத்தனையும் ஒண்ணு விடாமச் சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

தவசி தலைக்கவசத்தால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான்.

முக்காண்டி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பதிவு செய்யும் இடத்தில் அவர் சாமர்த்தியமாகத்தான் நடந்துகொண்டார். ஒரு மாட்டுக்கு ரெண்டு கயிறு போட்டால் ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இழுத்துப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. அக்காளைத் தனக்கு அக்காள் என்றும் போட்டார், தன் மனைவிக்குத் தாய் என்றும் போட்டார். மனைவியைத் தனக்கு மனைவி என்றும் போட்டார், அக்காளுக்கு மகள் என்றும் போட்டார். பதிந்த ஆள் "இவ்வளவும் வேணுமா?" என்று கேட்டபோது, "உனக்கு என்னப்பா, சும்மா எழுது" என்று அதட்டியதும் நினைவுக்கு வந்தது.

"சரி, இப்ப என்ன செய்யணும் தாயி?"

"ஒரு கோட்டை அறுக்கணும். மூணு கோடு சேந்து வட்டமாயிருக்கு. ஏதாவது ஒண்ணை எடுத்துட்டா நேராயிரும். கதவு திறக்கும்."

"ஆத்தா மக கோட்ட அறு. அவளுக பொறந்தாச்சு, வளந்தாச்சு, இனிமே அது எதுக்கு?"

"அது முடியாது. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துப் பூட்டினது. என்னால தொட முடியாது. மீதி ரெண்டும் நீங்க வாயால சொன்னது. ஒண்ணு, பிச்சம்மாள் பாட்டி உங்க அக்காங்கறது. இன்னொண்ணு, நீங்களும் ஆவுடைப் பாட்டியும் புருஷன் பொண்டாட்டிங்கறது."

"அக்காங்கறத எடு. அவ கிழவி, அவளுக்கு ஒண்ணும் தெரியவா போவுது."

"எடுத்தா அவங்க உங்களுக்கு மாமியார் மட்டும் ஆயிருவாங்க. குடும்பத்துல யாரை எல்லாம் வச்சுக்கலாம்ங்கற விதியில, கூடப் பிறந்தவங்களுக்கு இடம் இருக்கு. மாமியாருக்கு இல்ல."

"எந்த மகராசன் எழுதுன விதி?" என்றார் முக்காண்டி. குரலில் அவரை அறியாமல் கொஞ்சம் மரியாதை ஏறியிருந்தது.

கணுக்காலில் சுரீரென்று ஒரு அடி விழுந்தது. பிச்சம்மாள் வந்துவிட்டாள். இந்த மண்ணில் உடம்பு பஞ்சு போல லேசாக இருக்கும், எண்பது தாண்டிய கிழவிக்கும் ஊன்றுகோல் தேவையில்லை. இருந்தாலும் அவள் கம்பு இல்லாமல் வெளியே வருவதில்லை. அதற்கு வேறு உபயோகம் இருந்தது.

"எலேய், எனக்கு ஒண்ணும் தெரியாதோ? முழுசும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கேன்." ஜெனிட்டா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, விதியில இடமில்லன்னா என்ன செய்வாக?"

ஜெனிட்டா தரையைப் பார்த்துச் சொன்னாள். "எந்தக் குடும்பத்துலயும் இடமில்லாத பேரை இணைப்பி தானாவே கழிச்சுரும் பாட்டி. காற்றுப் பங்கு நின்னுரும். அடுத்த கப்பல்ல பூமிக்கு."

"அவ்வளவுதானே. அனுப்பு. இவனுக்கு மாமியாரா இருந்து சீரழிஞ்சது போதும். செவ்வாய் தோசம்னு ஊர்ல பயந்தாக, நாங்க செவ்வாய்க்கே வந்து குந்தியிருக்கோம். போயிட்டா தோசம் கழியும்."

தவசி சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கப்பல் போய்ச் சேர ஏழெட்டு மாசம் ஆகும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் நெஞ்சில் யானை உட்காருகிற மாதிரி ஒரு பாரம். வாலிபப் பையன்களே ரத்தவாந்தி எடுக்கிறார்கள். அக்காள் ஏறுவாள், இறங்க மாட்டாள் என்பது முக்காண்டிக்குத் தெரியும். பெற்றவள் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அதை ஒரு நாளும் அவர் வாயால் சொன்னதில்லை.

"கப்பல்ல உனக்கு வெத்தல கிடைக்காது," என்று மட்டும் சொன்னார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"புருசன் பொண்டாட்டிங்கறத அறுத்துருங்க."

குழம்புக்கு உப்புப் போதும் என்று சொல்கிற குரலில் சொன்னாள் ஆவுடை.

"ஏளா, யோசிச்சுப் பேசு."

"காலையிலேருந்து அதத்தான மாமா செய்யுதேன். இங்க வேற சோலி இல்லையே. அத அறுத்தா ஆத்தா உங்களுக்கு அக்காளா இருப்பா. நான் ஆத்தாளுக்கு மகளா உள்ள வருவேன். உங்களுக்கு நேரத்துக்குச் சோறு வரும். என்ன கொறையுது?"

முக்காண்டி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏதோ குறையத்தான் செய்கிறது. ஆனால் வேலைக்குப் போக நிற்கிற இத்தனை பேர் முன்னால், அதிலும் தவசி முன்னால், அது என்னவென்று எப்படிச் சொல்வது?

"தற்காலிகம்தான் தாத்தா," என்றாள் ஜெனிட்டா. "வட்டம் வந்தாலும் சுத்தாத மாதிரி எழுதச் சொல்லியிருக்கேன். வந்ததும் பழையபடி சேத்துருவேன்."

"கல்யாணம் என்ன பல்பா, கழட்டி மாட்ட?"

"பெருசு, கழட்டும்," என்றது கூட்டம்.

ஆவுடை அந்தப் பக்கத்துக் கைரேகைத் தகட்டில் பெருவிரலை வைத்துவிட்டாள். முக்காண்டி தன் பெருவிரலை வேட்டியில் ரெண்டு தரம் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் தரமும் துடைக்கப் போனபோது அக்காள் கம்பைத் தூக்கினாள். வைத்தார்.

கதவு இமை கொட்டுவதற்குள் திறந்தது. ஆட்கள் முண்டியடித்து வெளியே ஓடினார்கள். "மாமோய், இனி நீரு மாப்பிள்ள. பொண்ணு பாக்கட்டுமா?" என்று கத்திக்கொண்டே தவசியும் ஓடினான். ஆவுடை மூட்டையோடு உள்ளே காலெடுத்து வைக்க, கதவு கணீரென்று அறிவித்தது:

"ஆவுடைத்தாய். பிச்சம்மாள் மகள். மணமாகாதவர். தனி அறை, வடக்கு வரிசை, ஜன்னல் உண்டு."

ஜெனிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமாகாத பெரியவர்களுக்குத் தனி அறை என்று ஒரு விதி இருப்பதை அவள் மறந்துபோயிருந்தாள். முக்காண்டிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலு பேரன் பேத்தி எடுத்தவள் மணமாகாதவளாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆவுடையும் சிரித்தாள்.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன் மாமா. நம்ம பேருல கெடக்கற எடத்தப் பூட்டியா வைக்க?"

அடுத்த நாள் பார்க்கப் போனவள் பொழுது அடைந்துதான் வந்தாள். ஜன்னல் வழியாகச் சூரியன் அடைவதைப் பார்த்தாளாம். இங்கே அது நீலமாக இறங்குமாமே, இத்தனை வருஷம் நடு வரிசை வீட்டில் இருந்துகொண்டு அது தெரியாமலே போயிற்றே என்றாள். மறுநாள் கொத்தமல்லி விதைக்கப் போனாள். அதற்கடுத்து, செடிக்குக் காலையில் தண்ணீர் விட வேண்டும் என்று அங்கேயே படுத்துக்கொண்டாள்.

இதில் முக்காண்டிக்குப் புரியாத ஒன்று இருந்தது. பிச்சம்மாள் சின்ன வயசிலேயே தாலியறுத்து, கைக்குழந்தை ஆவுடையோடு பிறந்த வீடு வந்தவள். ஆவுடை தவழ்ந்த வீடும் அதுதான், வாக்கப்பட்ட வீடும் அதுதான். கல்யாணத்தன்று மற்றப் பெண்களைப் போல அவள் வண்டியேறவில்லை, அழவில்லை, கூடத்திலிருந்து எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். நினைவு தெரிந்ததிலிருந்து தனக்கென்று ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்க்காதவளுக்கு, அறுபது வயசுக்கு மேல் கணினி ஒன்று தவறுதலாக ஒரு வீடு கொடுத்திருக்கிறது. இதெல்லாம் முக்காண்டிக்குத் தெரிந்த விஷயம்தான். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

சோறு சொன்னபடி வந்தது. பிச்சம்மாள் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். பிறகு தினமும் நடக்கக் கால் வலிக்கிறது என்று அவளும் மகள் அறையிலேயே தங்கிவிட்டாள். பஞ்சு போன்ற உடம்பில் கால் எப்படி வலிக்கும் என்று கேட்டதற்குக் கம்புதான் பதில் சொன்னது. அதன் பிறகு முக்காண்டி மூன்று வேளையும் வடக்கு வரிசைக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆத்தாளும் மகளும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். இவர் தட்டியதும் நிற்கும். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. முன்னைவிட நன்றாகவே இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

ரெண்டு மாசம் கழித்து ஜெனிட்டா கூப்பிட்டனுப்பினாள். முகம் தெளிந்திருந்தது.

"மாத்தி எழுதினது வந்துட்டு தாத்தா. இனிமே எத்தனை வட்டம் இருந்தாலும் சுத்தாது. ஏற்கெனவே கூட்டிட்டு வந்த ஆள்னா, போதும்னு அங்கயே நின்னுரும். உங்க கோட்டைத் திரும்பப் போட்டுரலாமா?"

"இதுக்கு என்ன கேள்வி? போடு." இந்தத் தடவை விரலைத் துடைக்கவில்லை. அழுத்தி வைத்தார். "கதவு கிட்டச் சொல்லிரு, அவ மூட்டையத் தூக்க ஆள் வேணும். செடி வேற கெடக்கு."

"அவங்களும் சரின்னு சொல்லணும் தாத்தா. கேட்டிருக்கேன்."

"அவளுக்கும் சேத்துத்தான நான் வச்சேன்?"

"அப்படி எடுத்துக்காது."

பலகை டிங் என்றது. ஜெனிட்டா பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"என்ன சொல்லுதா?"

"இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்க."

முக்காண்டி பலகையை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன். நடுவுல நிக்கிறவன் அந்தப் பக்கம் ஒண்ணு கேட்டு, இந்தப் பக்கம் ஒண்ணு சொல்லுதான். திரும்பக் கேளு. பதமாக் கேளு. மாமா கேக்கச் சொன்னாகன்னு சொல்லு."

ஜெனிட்டா அப்படியே எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை பதில் காத்திருந்த மாதிரி உடனே வந்தது. அவள் வாசிக்கத் தயங்கினாள்.

"வாசி தாயி. எனக்கு என்ன பயம்?"

"'அப்படியே இருக்கட்டும்மா. மாமாவ வெரசாச் சாப்பிட வரச் சொல்லு. மொச்சக் குழம்பு வச்சிருக்கேன், ஆறிப்போச்சுன்னா தொட மாட்டாக.'"

"ஆங்," என்று துள்ளினார் முக்காண்டி. "இப்ப வெட்டவெளிச்சமாத் தெரியுது பாரு. மொச்சக் குழம்புன்னது அவ. ஆறுனா தொட மாட்டேங்கறது அவளுக்குத்தான் தெரியும். முன்னாடி உள்ளது உன் ஆளு சேத்தது."

"ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னது அவங்கதான் தாத்தா."

"நீ படிச்ச பிள்ள. உனக்கு மிசினத் தெரியும். எனக்கு அவளத் தெரியும்."

"வேணும்னா நேராப் போய்க் கேட்டுப் பாருங்களேன். அங்கதானே போறீங்க."

"என்னத்தக் கேக்க? அவ சொல்லாத ஒண்ண அவ கிட்டயே போய் ஏன் சொன்னன்னு கேக்கவா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லாப் பாரு தாயி. சரியாயிட்டுன்னு நீதான் சொல்லுத. எங்கயோ ஒரு மூலையில இன்னும் சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு."

ஜெனிட்டா பலகையைக் கவிழ்த்து வைத்தாள். முக்காண்டி திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கட்டுமாம், என்னத்த இருக்கட்டும்" என்று அந்தக் கணினியை வைதுகொண்டே, குழம்பு ஆறுவதற்குள் போய்ச் சேரும் வேகத்தில் வடக்கு வரிசையைப் பார்த்து நடந்தார்.